உரைகல்லும் உரைப்பவரும்

விலைக்கு வரும் பழம்பொருள் எதுவாயினும், அதனோடு ஒரு கதையும் சேர்ந்தே வருகிறது. 'இது பாட்டனார் காலத்துப் பொன்', 'இஃது இன்ன வித்துவான் வாசித்த வீணை', 'இது சோழர் காலத்துச் செப்புத் திருமேனி' என்று விற்பவர் கூறுவார். பொருளை நாம் கண்ணால் காண்கிறோம். கதையைக் காதால் கேட்கிறோம். விலையோ பெரும்பாலும் கதைக்கே கொடுக்கப்படுகிறது. ஆகவே, ஒரு பொருள் மெய்யானதா, போலியா என்று எவ்வாறு துணிவது என்னும் வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. வரலாறு பயிலும் மாணவர்க்கும் அது முதன்மையான வினாவாகும். இவ்வினாவைப் பற்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொண்டை மண்டலத்து ஊர் ஒன்று ஆழ்ந்து எண்ணியிருக்கிறது. அவ்வூர் உத்திரமேரூர்.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், நெல்வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையே உள்ளது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அவ்வூர்ச் சபையார் செய்த இரண்டு தீர்மானங்கள் அங்குள்ள மண்டபச் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. குடவோலை முறையைப் பற்றி நம் பாடநூல்கள் கூறும் செய்திகள் எல்லாம் பெரும்பாலும் இவ்விரு கல்வெட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டவையே. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் ஆகியவற்றை மாணவர்கள் நன்கு அறிவர். ஆனால் அவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் அங்கே இருந்தது என்பதைப் பலர் கருத்தில் கொள்வதில்லை. 30 குடும்புகளிலிருந்தும் குடவோலை வழியாகப் பன்னிருவரை எடுத்து, அவருள் அறுவரைப் பஞ்சவார வாரியத்திற்கும் அறுவரைப் பொன் வாரியத்திற்கும் அமர்த்த வேண்டும் என்று 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கிறது.

ஓர் ஊருக்குப் பொன்னைக் கவனிக்க ஒரு வாரியம் ஏன் வேண்டும்? அக்காலத்தில் வரி, தண்டம், அறக்கட்டளை, நிலவிற்பனை ஆகிய பலவும் பொன்னால் நடந்தன. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஒருவர் பொன் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்ட சபையார், அதன் வட்டியைக் கொண்டு நெடுங்காலம் விளக்கு எரிக்கக் கடமைப்பட்டனர். கொடுத்த பொன் மாற்றுக் குறைந்ததாயின், அக்கடமையே குலைந்துபோகும். ஆகவே மாற்று அறிவது அவ்வூர்க்குப் பொழுதுபோக்கான கலை அன்று. பொதுவாழ்வின் அடிப்படைத் தேவை.

பொன்னைச் சோதிக்கும் முறை எளியது. வழவழப்பான கருநிறக் கல்லில் பொன்னை உரைப்பார்கள். அதன் அருகே, மாற்று முன்னரே அறியப்பட்ட பொன்னையும் உரைத்து, இரண்டு கீற்றுகளின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இக்கல்லையே உரைகல் என்றும் கட்டளைக்கல் என்றும் வழங்குகிறோம். இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். உரைகல் தானாக ஒன்றும் சொல்வதில்லை. முன்னர் அறிந்த ஒன்றோடு அறியாத ஒன்றை ஒப்பிட்டால்தான் அது விடை தருகிறது. எல்லாச் சோதனைகளுக்கும் இதுவே இலக்கணம்.

ஆனால் உத்திரமேரூரார் கல்லோடு நின்றுவிடவில்லை. ஊராருக்காகப் பொன்னைக் காண்போரை அமர்த்துவது குறித்துத் தனியே ஒரு தீர்மானமும் பராந்தகன் காலத்திலேயே அவ்வூரில் கல்லில் வெட்டப்பட்டது. பொன்னின் இயல்பு அறிந்தவர்களை மாடவீதியில் குடியிருப்போர், சேனையார், சங்கரப்பாடியார் எனப் பல திறத்தாரிடமிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் எவர்பாலும் சார்பின்றிப் பொன் காண வேண்டும். அவர்களுக்குரிய ஊதியம் இவ்வளவு என்றெல்லாம் அத்தீர்மானம் வரையறுக்கிறது. அவற்றுள் ஒரு விதி நம்மை வியப்பில் ஆழ்த்துவதாகும். உரைகல்லில் ஒற்றியெடுத்த மெழுகை அவர்கள் ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அவ்விதி.

இதன் பொருளைச் சற்றே விளக்க வேண்டும். பொன்னை உரைக்கும்போது அதன் நுண்துகள் கல்லில் படிகிறது. மெழுகை அக்கல்லின்மேல் ஒற்றினால் அத்துகள் மெழுகில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை உரைப்பதில் கிடைப்பது கண்ணுக்கும் தெரியாத அளவுதான். ஆயினும் ஆண்டு முழுவதும் பலருடைய பொன்னை உரைத்தால், மெழுகில் சேரும் பொன் சிறிதளவேனும் பயன் தரும். அம்மெழுகு உரைப்பவருக்கே உரியதென்றால் என்ன நேரும்? ஒருமுறை உரைக்க வேண்டிய இடத்தில் மும்முறை உரைப்பார். மெல்ல உரைக்க வேண்டியதை அழுத்தி உரைப்பார். அத்துகள் ஊர் ஏரிக்குப் போய்ச் சேருமாயின், அழுத்தி உரைப்பதால் அவருக்கு எப்பயனும் இல்லை. 'நேர்மையாக இருங்கள்' என்று அறிவுரை கூறியதோடு சபையார் அமையவில்லை; நேர்மை தவறுவதால் வரும் ஆதாயத்தையே எடுத்துவிட்டார்கள். கல்லைச் சோதித்தவர்கள் பலர். கல்லைப் பிடிக்கும் கையையும் சோதித்தவர்கள் உத்திரமேரூரார்.

இவ்வூர்ச் சபையில் இடம்பெறும் உரிமை, நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே இருந்தது என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. இன்றைய மக்களாட்சியை அங்கே காண முயல்வது பொருந்தாது. ஆயினும், முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய அச்சபையின் விழிப்பு, எக்காலத்துக்கும் ஏற்ற பாடமே ஆகும்.

இனி, அக்கல்வெட்டே மெய்யானதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். கல்வெட்டு எந்தச் சுவரில் வெட்டப்பட்டதோ அச்சுவரிலேயே இருக்கிறது. அதன் எழுத்துவடிவம் பத்தாம் நூற்றாண்டுக்கு உரியது. அரசனைக் குறிக்கும் தொடர் அக்காலத்துப் பிற கல்வெட்டுகளோடு ஒத்திருக்கிறது. அதே ஊரின் பிற கோயில்களில் உள்ள சாசனங்களும் அச்சபையையும் அதன் வாரியங்களையும் குறிப்பிடுகின்றன. ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் பல ஒரே செய்தியைக் கூறும்போது நம் ஐயம் நீங்குகிறது.

செப்பேட்டின் நிலை வேறு. அதை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு எடுத்துச் செல்லலாம். பெட்டியில் ஒளித்தும் வைக்கலாம். நிலவுரிமைக்குச் சான்றாக அது பயன்பட்டமையால், போலிச் செப்பேடு செய்வதில் ஆதாயமும் இருந்தது. இந்திய நாட்டுப் போலிச் சாசனங்களை ஆராய்ந்து பட்டியலிட்டவர் ஃபிளீட் என்னும் அறிஞர். பழைய அரசன் பெயரைச் சொல்லிவிட்டுப் பிற்கால எழுத்தில் பொறித்திருப்பது, ஆண்டும் அரசனும் பொருந்தாமை ஆகியவை அத்தகைய ஏடுகளைக் காட்டிக்கொடுத்தன. பொய் சொல்பவன் தன் காலத்தின் அடையாளத்தை எங்கேனும் ஓரிடத்தில் விட்டுச்செல்கிறான்.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு வழக்குகள் இவ்வுண்மையை இருவேறு பக்கங்களிலிருந்து விளக்குகின்றன. முதலாவது, கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராசர். 1951-இல் நிலத்திலிருந்து கிடைத்த அச்சோழர் காலத் திருமேனி, 1954-இல் செப்பனிடும் பணிக்காகக் கோயிலை விட்டு வெளியே சென்றது. திரும்பி வந்தது அன்று. அதைப் பார்த்துச் செய்த மற்றொன்று. மக்கள் அதையே வழிபட்டு வந்தனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், 1965-இல் வெளிவந்த தம் நூலில், கோயிலில் இருப்பது போலி என்பதை வெளிப்படுத்தினார். மூலத் திருமேனி அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனிடம் சென்று சேர்ந்தது. இந்திய அரசு வழக்குத் தொடுத்து, 1976-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986-இல் திருமேனி தாயகம் திரும்பியது.

மெழுகால் உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பது நம் ஸ்தபதிகளின் முறை. வார்த்தபின் அக்கருவை உடைத்துவிடுவார்கள். எனவே ஒரு திருமேனியைப் போல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. பயின்ற கண்ணுக்கு வேறுபாடு தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, மாற்றுதற்கு முன்னிருந்த மூலத்தைப் பற்றிய பதிவு வேண்டும்.

இரண்டாவது வழக்கு, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர். இங்கே பொருள் மெய்யானது, தாளே போலி. 2006-ஆம் ஆண்டளவில் கோயிலிலிருந்து களவுபோன அத்திருமேனியை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது 1970-லேயே டில்லியில் விலைக்கு வாங்கப்பட்டதாகப் பத்திரங்கள் கூறின. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அத்திருமேனியைக் கோயிலிலேயே 1994-இல் படம் எடுத்து வைத்திருந்தனர். 1970-இல் விற்கப்பட்டது 1994-இல் கோயிலில் எவ்வாறு இருக்க முடியும்? ஒரு நிழற்படம் பத்திரங்கள் அனைத்தையும் பொய்யாக்கிற்று. 2014-இல் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிவபுரத்தில் உரிய இடத்தில் போலிப் பொருள் இருந்தது. ஸ்ரீபுரந்தான் வழக்கில் மெய்யான பொருளுக்குப் போலிக் கதை சேர்க்கப்பட்டது. பொருளை மட்டும் பார்த்தவர் இரண்டாவதில் ஏமாறுவார். இடத்தை மட்டும் நம்பியவர் முதலாவதில் ஏமாறுவார்.

திருமேனிகளுக்கு மட்டுமே உரிய செய்தி இது எனக் கருத வேண்டா. பழைய வீணை ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு புதிதாக இருக்கலாம், தந்திகள் புதியனவாக இருக்கலாம், பிரடைகள் மாற்றப்பட்டிருக்கலாம். வாசிக்கப்படும் வீணைக்கு இவை இயல்பே. இவற்றால் அது போலி ஆகிவிடாது. குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்று விற்பவர் கூறினால், அவற்றுக்கு இடையே ஒட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். மேனாட்டுக் கிதாரும் அவ்வாறே. தொழிற்சாலை இட்ட எண் கழுத்தில் ஒரு காலத்தையும், உடல் மற்றொரு காலத்தையும் காட்டுமாயின், இரண்டு கருவிகளின் பகுதிகள் ஒன்றாக்கப்பட்டிருக்கலாம். பழுதுபார்த்தல் குற்றமன்று, பழுதுபார்த்ததை மறைத்துப் பழமை என்று விற்பதே குற்றம். வழக்கத்திற்கு மாறான ஓர் அமைப்பு தென்படின், அது அரிய பொருள் என்று உடனே மகிழவும் வேண்டா. போலி என்று உடனே தள்ளவும் வேண்டா. ஐயமறத் தெரிந்த மற்றொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தலே முறை.

ஆகவே, பழம்பொருளொன்று நம்முன் வரும்போது மூன்று வினாக்களை வரிசையாக எழுப்ப வேண்டும். பொருள் தன் காலத்தைத் தானே காட்டுகிறதா? அதைப் பற்றிய எழுத்துச் சான்று, அதனோடு தொடர்பில்லாத பிற சான்றுகளோடு ஒத்துப்போகிறதா? மெய் என்று நமக்குச் சொல்பவருக்கு, அவ்வாறு சொல்வதனால் ஆதாயம் உண்டா? முதல் வினாவுக்கு விடை காண இன்று வேதியியலும் நுண்ணோக்கியும் துணை செய்கின்றன. இரண்டாவதற்கு நூலகங்களும் நிழற்படத் தொகுதிகளும் உதவுகின்றன. மூன்றாவதற்கு எந்தக் கருவியும் இல்லை. கேட்கும் துணிவு ஒன்றே வேண்டும்.

உங்கள் ஊர்க் கோயிலில் உள்ள திருமேனிகளும், உங்கள் இல்லத்தில் உள்ள பழைய ஏடுகளும் இசைக்கருவிகளும் இன்று பதிவு செய்யப்பட்டால், நாளை எழும் ஐயத்திற்கு அப்பதிவே உரைகல் ஆகும். அளவு, எடை, பழுது, படம் எடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. உத்திரமேரூர்ச் சபையார் தம் தீர்மானங்களை ஓலையில் எழுதி வைத்ததோடு நில்லாமல் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அதனாலன்றோ, மெழுகில் ஒட்டிய பொன்துகளுக்கும் கணக்குக் கேட்ட ஊர் ஒன்று இருந்தது என்பதை நாம் இன்று அறிகின்றோம்!