நடுத்தர க்ரூஸர் பைக்: பழைய வண்டியும் மைலேஜும்

க்ரூஸர் என்பது தாழ்ந்த இருக்கை, நீண்ட சக்கர இடைவெளி, முன்னால் தள்ளி வைத்த கால்மிதி, நிமிர்ந்து உட்காரத் தோதான ஹேண்டில்பார் ஆகியவை கொண்ட மோட்டார் சைக்கிள் வகை. இதன் சாயல் 1930களிலிருந்து அமெரிக்காவில் ஓடிய ஹார்லி டேவிட்சன், இந்தியன் நிறுவன வண்டிகளிலிருந்து வந்தது. இந்தியாவில் 250 முதல் 750 சிசி வரை உள்ளவற்றை நடுத்தர ரகம் என்பார்கள். பஜாஜ் அவெஞ்சர் 220 இந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் 350 சிசி வண்டியைத் தேடி வருபவர்தான் அதையும் விலை கேட்கிறார். ஆகவே இக்கட்டுரையில் அதற்கும் இடம் உண்டு.

செகண்ட்ஸில் க்ரூஸர் வாங்குபவர் விலைக்கு அடுத்தபடி கேட்பது மைலேஜைத்தான். அதற்கான விடையை சிசியை வைத்து ஊகிப்பவர்கள் அதிகம். எடை, கியர் விகிதம், ஓட்டும் வேகம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குறிப்பிட்ட வண்டியின் உடல்நிலை ஆகியவையே உண்மையில் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்தியச் சந்தையில் க்ரூஸர்

2001இல் பஜாஜ் நிறுவனம் கவாசாகியுடன் சேர்ந்து 175 சிசி எலிமினேட்டரை இறக்கியது. 2002இல் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டும் யமஹாவின் 125 சிசி என்டைசரும் வந்தன. எலிமினேட்டரின் வாரிசாக 2005இல் வந்த அவெஞ்சர் 180, பிறகு 200 ஆகி, 2010இல் 220 ஆனது. தண்டர்பேர்டு 2012இல் 20 லிட்டர் டேங்க்குடன் புது உருவம் எடுத்தது. அதே சமயம் 499 சிசி எஞ்சின் கொண்ட தண்டர்பேர்டு 500ம் வந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதி இந்தச் சந்தையை இரண்டாகப் பிளந்தது. ராயல் என்ஃபீல்டின் 500 சிசி எஞ்சின் இந்தியாவில் அத்துடன் நின்றது. தண்டர்பேர்டு 350க்குப் பதிலாக 2020 நவம்பரில் மீட்டியார் 350 வந்தது. எனவே பழைய வண்டி பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது வண்டி எந்த வருடத்து மாடல், கார்புரேட்டரா, ஃப்யூவல் இன்ஜெக்ஷனா என்பதைத்தான். தண்டர்பேர்டு 350 கடைசி வரை கார்புரேட்டர் வண்டி. தண்டர்பேர்டு 500, மீட்டியார் இரண்டும் இன்ஜெக்ஷன்.

எரிபொருள் எங்கே போகிறது

மீட்டியாரின் 349 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 72 மிமீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மிமீ. அவெஞ்சர் 220இல் இவை முறையே 67, 62.4. முன்னது 'லாங் ஸ்ட்ரோக்' எஞ்சின். தன் முழு இழுவிசையான 27 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்.பி.எம்மிலேயே கொடுத்துவிடும். அவெஞ்சருக்கு அந்த உச்சம் 7,000ஐ ஒட்டித்தான் வருகிறது. எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை முறை சுற்றுகிறதோ அத்தனைக்கு உராய்வில் பெட்ரோல் வீணாகும். டாப் கியரில் நிதானமாக உருண்டு போகும் பெரிய எஞ்சின் சின்ன எஞ்சினுக்குப் பக்கத்தில் மைலேஜ் தருவது இதனால்தான். அவெஞ்சர் எடையில் ஏறக்குறைய 30 கிலோ குறைவு என்பதால் நகரத்துச் சிக்னல்களில் அதற்குச் சாதகம். 191 கிலோ மீட்டியாருக்கு நெடுஞ்சாலையில் சாதகம். மொத்தத்தில் இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் லிட்டருக்கு 35 கிமீ என்ற கணக்கைச் சுற்றியே நிற்கின்றன.

நெடுஞ்சாலையில் க்ரூஸருக்குப் பெரும் எதிரி காற்று. நிமிர்ந்த முதுகும் விரிந்த கைகளும் காற்றை நேரே மார்பில் வாங்குகின்றன. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80 கிமீ வேகத்தில் போகிறவர் 100ஐத் தொட்டால் அது 56 சதவீதம் கூடுகிறது. திண்டிவனம் சாலையில் 75இல் போய் 38 கிமீ எடுக்கும் அதே வண்டி 100இல் போனால் 30க்கு இறங்குவது வண்டியின் கோளாறு அல்ல.

எரிபொருளும் மாறியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியுள்ளது. எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்காக அமைத்த இருசக்கர வண்டிகளில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் வெளியான நிதி ஆயோக் திட்ட அறிக்கை சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது இன்னொரு சங்கதி. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற கார்புரேட்டர் வண்டியில் டேங்க்குக்குள் துரு, ஜெட்டில் அடைப்பு, பெட்ரோல் டியூபில் வெடிப்பு மூன்றையும் எதிர்பார்க்கலாம்.

மாடல்கள் ஒரு பார்வை

அவெஞ்சர் 220 செலவுக்கு அடக்கமான தேர்வு. இதன் எஞ்சின் பல்சர் 220 குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் பாகங்களும் கை பழகிய மெக்கானிக்கும் சிற்றூரிலும் கிடைப்பார்கள். குட்டையானவர்களுக்கும் இருக்கை உயரம் எட்டும். பின்னால் ஆள் உட்கார்ந்து கொண்டு மலைப்பாதை ஏறினால் எஞ்சின் சிரமப்படுவது தெரியும்.

தண்டர்பேர்டு 350இன் பலம் அந்த 20 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 33 கிமீ என்றாலும் முழு டேங்க்கில் 660 கிமீ. கணக்குப்படி சென்னையில் நிரப்பினால் திருநெல்வேலி வரை வேறு பங்க் தேட வேண்டாம். பலவீனம் அதிர்வு. 80 கிமீக்கு மேல் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி கலங்கித் தெரியும். எலக்ட்ரிக் ஸ்டார்ட் போடும்போது உலோகம் உரசுகிற மாதிரி 'கர்ர்' சத்தம் வந்தால் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்பது ராயல் என்ஃபீல்டு மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம்.

மீட்டியார் 350இன் எஞ்சினில் அதிர்வைச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் உண்டு. 15 லிட்டர் டேங்க். மைலேஜ், சொகுசு, பாகங்கள் கிடைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழைய வண்டிகளில் பாதுகாப்பான தேர்வு இதுதான். ஒரு விஷயத்தை மட்டும் விசாரிக்க வேண்டும். 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியார்களை இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக நிறுவனம் 2021 மே மாதம் திரும்ப அழைத்தது. கிளாசிக், புல்லட் வண்டிகளும் சேர்ந்து இந்த எண்ணிக்கை 2,36,966. குறைபாட்டால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகலாம் என்பதால் இது மைலேஜ் சங்கதியும்கூட. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் காயில் மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

500க்கு மேலே போனால் கணக்கே வேறு. கவாசாகி வல்கன் எஸ் 649 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி, எடை 235 கிலோ. 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650இன் எடை 241 கிலோ. ஹார்லியின் ஸ்ட்ரீட் 750க்கு டேங்க் 13.1 லிட்டர்தான். இந்த ரகம் பொதுவாக லிட்டருக்கு 20 முதல் 25 கிமீக்குள் நிற்கும். சென்னையிலிருந்து கிளம்பும் ஸ்ட்ரீட் 750 திருச்சி போவதற்குள் ஒருமுறை பங்க்கில் நின்றாக வேண்டும். ஹார்லி நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. விற்பனையும் சர்வீஸும் ஹீரோ மோட்டோகார்ப் கைக்கு வந்தன. ஸ்ட்ரீட் 750 கவர்ச்சியான விலைக்குக் கிடைத்தால், பாகங்களின் விலைப்பட்டியலைக் கேட்ட பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வருகிற நேரத்துக்கு முன்பே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருப்பது ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கும் பழைய வித்தை. சைலன்சரில் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது.

அடுத்தது ஸ்பார்க் பிளக். கழற்றியதும் முனை செங்கல் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கரி பூசிக் கறுத்திருந்தால் கார்புரேட்டர் டியூனிங்கோ ஏர் ஃபில்டரோ கெட்டிருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அவெஞ்சர் 220, ட்வின்ஸ்பார்க் தண்டர்பேர்டு ஆகியவற்றில் பிளக் இரண்டு. ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், மைலேஜ் மட்டும் விழும். இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில் கையால் சுழற்றினால் சில சுற்றாவது தடையின்றி ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தால் அது பல்லை விட்டு எழும்பக் கூடாது. பற்கள் சுறாத் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின் செட் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது டாப் கியரில் 45 கிமீ வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிப் பார்ப்பது வழக்கம். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெட்ரோல் அங்கேயும் கரைகிறது.

மாற்றி வைத்த சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், தடித்த பின் டயர் இவை க்ரூஸர்களில் சகஜம். சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றினால் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதம் கலையும், தடித்த டயர் உருளத் தடை கூட்டும். பழைய சைலன்சரைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பெறுவது உத்தமம்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி வண்டிகளில் வெள்ளத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நீரில் நின்ற வண்டிகள் துடைத்துப் பளபளவென்று விற்பனைக்கு வந்தன. ஹெட்லைட் கூட்டுக்குள் வண்டல், சீட்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் நிறம் ஆகியவை காட்டிக் கொடுத்துவிடும்.

தாள்கள்

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடன் இருந்த வண்டிக்குப் படிவம் 35. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பவரும் பெயர் மாற்றத்துக்கு அவசரப்படுவது இதனால்தான். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2010, 2011 மாடல் அவெஞ்சரை வாங்குபவர் மறுபதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலையும் கணக்கும்

ஆண்டுக்கு 8,000 கிமீ ஓட்டுகிறவருக்கு 30 கிமீ தரும் வண்டி 267 லிட்டர் குடிக்கும், 40 கிமீ தரும் வண்டி 200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மிச்சம் 6,700 ரூபாய். மைலேஜுக்காக மட்டும் 25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் அது திரும்பி வர நான்கு வருடம் பிடிக்கும். மைலேஜ் ஏற ஏற மிச்சம் குறைகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 20லிருந்து 25க்கு ஏறினால் அதே 8,000 கிமீக்கு 80 லிட்டர் மிச்சம். 35லிருந்து 40க்கு ஏறினால் 29 லிட்டர்கூட இல்லை. ஆக, 650க்கும் 350க்கும் இடையே தேர்வு செய்பவருக்கு மைலேஜ் பெரிய காரணம். 350க்கும் 220க்கும் இடையே நிற்பவருக்கு வண்டியின் நிலைமையே பெரிய காரணம்.

விற்பவர் சொல்லும் மைலேஜைச் சோதிக்க டேங்க் முழுக்க நிரப்பி, 200 கிமீயாவது ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பிப் பார்க்கும் முறையே நம்பகமானது. வாங்குவதற்கு முன் அது முடியாது. அதனால் சர்வீஸ் பில்களும் மேலே சொன்ன சோதனைகளுமே கைகொடுக்கின்றன.

விலை பேசும்போது புது வண்டியின் இன்றைய விலையை எதிரில் வைத்துப் பேசுவது முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. 349 சிசி மீட்டியார் குறைந்த பக்கம், 648 சிசி சூப்பர் மீட்டியார் கூடிய பக்கம். அந்தத் தேதிக்கு முன் முழு வரி கட்டி வாங்கிய மீட்டியாரை விற்பவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொல்வார். வாங்குபவர் பார்க்க வேண்டியது ஷோரூமின் இன்றைய விலைப்பட்டியலை.