சூளை வரைபடம்

பீங்கான் சுடும்போது மணிக்கு மணி ஏறி இறங்கும் சூட்டையும், சூளை திறந்தபின் தேறியது எத்தனை, கழிபட்டது எத்தனை என்பதையும் தாளில் காட்டும் அட்டவணைகளும் வரைபடங்களும் இப்பெயரால் குறிக்கப்படும். கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், வெண்களிமண்ணை நம்பிப் பீங்கான் தொழிற்பேட்டையும் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் வளர்ந்த ஊர். பொம்மை, அகல்விளக்கு, மின்சாரப் பீங்கான் என எதைச் செய்தாலும் அங்கே லாப நட்டத்தைத் தீர்மானிப்பது சூளைதான்.

சூளைச் சூட்டை எண்ணால் சொல்லும் முயற்சியில் பீங்கான் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு. களிமண் துண்டு சுருங்கும் அளவைக் கொண்டு இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-இல் ஒரு வெப்ப அளவுகோலை வகுத்தார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக இருந்த வில்லியம் பிளேஃபேர், 1786-இல் வணிகக் கணக்குகளைக் கோடும் பட்டையுமாக வரைந்து அச்சிட்டார். வட்ட வரைபடம் 1801-இல் வந்தது. 1886-இல் ஜெர்மனியின் ஹெர்மன் செகர், சூளைக்குள் வைத்தால் சூட்டில் வளைந்து காட்டும் கூம்புகளை உருவாக்கினார். 1924-இல் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். அம்முறையை இந்தியத் தொழிற்சாலைகளில் பரப்பியதில், மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் முன்னின்றது.

சூளைச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் காட்டுவது அந்த நொடியின் சூடு. கூம்பு வளைவதோ சூடும் நேரமும் சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் வெறும் எண்களின் அட்டவணை போதாது. நேரத்தைக் கிடையிலும் சூட்டைச் செங்குத்திலும் வைத்த வளைகோடு வேண்டும். 573 பாகை செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று உருமாறுகிறது. ஆறும்போதும் அதே இடத்தில் திரும்ப மாறுகிறது. அங்கே கோடு செங்குத்தாக விழுந்திருந்தால் விரிசலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கழிவுக் கணக்கு வேறு வகை. ஒரு சூளையில் 100 ஏற்றி 12 போனது, இன்னொன்றில் 200 ஏற்றி 14 போனது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை மட்டும் பட்டையாக வரைந்தால் இரண்டாவது மோசமாகத் தெரியும். விழுக்காட்டில் அது 7, முதலாவது 12. ஆகவே ஏற்றிய எண்ணிக்கை இல்லாத வரைபடம் தவறான வரைபடமே. விரிசல், கோணல், மெருகுக் குறை என்று காரணவாரியாகவும், மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இடவாரியாகவும் பிரித்தெழுத அட்டவணையே ஏற்றது. கணினி தரும் முப்பரிமாண வட்டங்கள் இதற்கு உதவா.

சூளை திறந்த அன்றே எண்ணி எழுத வேண்டும். உடைசல் குவியலில் கலந்தபின் எது எந்தச் சூளையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.