ஐபோன் – ஆண்ட்ராய்டு குறுஞ்செய்திகளும் குறியாக்கமும்

1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் இங்கிலாந்தில் முதல் எஸ்.எம்.எஸ். குறுஞ்செய்தியை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. மறைக்க எதுவும் இல்லை. எஸ்.எம்.எஸ். முறையும் எதையும் முழுதாக மறைப்பதில்லை. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே மட்டுமே குறியாக்கம் உண்டு. அதன்பின் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினிகளில் செய்தி அஞ்சலட்டை போலத் திறந்தே கிடக்கும்.

2011இல் ஆப்பிள் தொடங்கிய ஐமெசேஜ், ஐபோன்களுக்கு இடையிலான செய்திகளை வழியில் எவரும் படிக்க இயலாதபடி குறியாக்கியது. கூகுள் தன் மெசேஜஸ் செயலியில், ஆர்.சி.எஸ். என்னும் புதிய முறையின் மேல், 2021இல் இதே பாதுகாப்பை அளித்தது. ஆனால் ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குச் சென்ற செய்தி பழைய எஸ்.எம்.எஸ். ஆகவே சென்றது. ஐபோன் திரையில் அதற்குப் பச்சை நிறம். நிறத்தைப் பற்றி நடந்த வாதம் பாதுகாப்பைப் பற்றி நடக்கவில்லை. இது தொழில்நுட்பத்தால் இயலாததும் அன்று: வாட்ஸ்அப் 2016லேயே இருவகைக் கைப்பேசிகளுக்கும் இடையே முழுக் குறியாக்கத்தைக் கொண்டுவந்திருந்தது.

2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வழியாக ஆப்பிள் ஆர்.சி.எஸ். முறையை ஏற்றது. படங்கள் தெளிவாக வந்தன, குறியாக்கம் வரவில்லை. கூகுளின் குறியாக்கம் அந்நிறுவனம் தானாகச் சேர்த்தது, பொது விதிமுறையில் அது அப்போது இருக்கவில்லை. அவ்வாண்டிலேயே சால்ட் டைஃபூன் எனப்படும் குழு அமெரிக்கத் தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் ஊடுருவியது வெளிப்பட்டது. குறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துமாறு டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே மக்களுக்கு அறிவுறுத்தினர். 2025 மார்ச்சில் ஜி.எஸ்.எம்.ஏ. அமைப்பு ஆர்.சி.எஸ். விதிமுறையிலேயே குறியாக்கத்தைச் சேர்த்து வெளியிட்டது. ஆப்பிளும் அதை ஏற்பதாக அறிவித்தது.