லாவெண்டர்: ஒரு பூவின் பெயர் பட்ட பாடு



சோப்பு, பவுடர், தரை துடைக்கும் திரவம் என்று லாவெண்டர் வாசனை நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. செடியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. மத்தியதரைக் கடல் பகுதிச் செடி அது. நம் துளசியும் தும்பையும் சேர்ந்த அதே தாவரக் குடும்பம்தான். இன்று எழுதப்போவது அதன் பெயரைப் பற்றி. சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

லத்தீனில் 'லவாரே' என்றால் கழுவுதல். பூவின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். நீல நிறத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லே மூலம் என்பவர்களும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் துணி வெளுப்பவருக்கும் 'லாவெண்டர்' என்றே பெயர் இருந்தது. இன்றைய 'லாண்டரி' அந்த வழியில் வந்த சொல். வெளுத்த துணிகளுக்கு நடுவே காய்ந்த லாவெண்டர் பூவை வைப்பது ஐரோப்பிய வீடுகளின் வழக்கம். ஆக, சுத்தத்தோடு ஒட்டிப் பிறந்த சொல் இது.

அந்தச் சொல்தான் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வசைச்சொல்லானது. பெண்மைச் சாயல் உள்ள ஆண்களையும், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களையும் கேலி செய்ய அந்த நிறத்தின் பெயரைச் சொன்னார்கள். எவரெட் டர்க்சன் என்ற செனட்டர் 'லாவெண்டர் பையன்களை' அரசு வேலையிலிருந்து விரட்டுவோம் என்று மேடையில் பேசினார்.

கேலி, அரசாணையாகவும் மாறியது. 1950 பிப்ரவரியில் வெளியுறவுத் துறை அதிகாரி ஜான் பியூரிஃபாய், அப்படிப்பட்ட 91 பேர் தம் துறையிலிருந்து நீக்கப்பட்டதாகச் செனட் குழு முன் தெரிவித்தார். 1953 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் 10450ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். வரலாற்று ஆசிரியர் டேவிட் ஜான்சன் 2004இல் எழுதிய நூலுக்குப் பின் இந்தக் காலம் 'லாவெண்டர் பீதி' என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது.

அரசு சொன்ன காரணம் என்ன? இவர்களை எதிரி நாட்டு உளவாளிகள் மிரட்டி ரகசியங்களைக் கறந்துவிடுவார்கள் என்பது. 1950இல் விசாரித்த ஹோய் குழு இதற்குக் காட்டிய உதாரணம், முதல் உலகப்போருக்கு முந்தைய ஆஸ்திரிய அதிகாரி ரெடில் ஒருவர்தான். சொந்த நாட்டில் ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. கொஞ்சம் யோசியுங்கள். ஒருவரை மிரட்ட முடிவது எதனால்? விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தால். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? வேலையைப் பறித்த அதே அரசுதான்.

ஃபிராங்க் கேமனி இரண்டாம் உலகப்போரில் போரிட்டவர், ஹார்வர்டில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1957இல் ராணுவ வரைபடத் துறையில் சேர்ந்தார். அதே ஆண்டில் வேலை போயிற்று. ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய ஆண்டும் அதுதான்! வானியல் படித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தம் மனுவைத் தாமே எழுதி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1961இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1965இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு, கோட்டும் டையும் அணிந்து, வெள்ளை மாளிகை முன் பதாகை ஏந்தி நடந்தார். பொது அரசுப் பணிகளுக்கான தடை 1975இல் நீங்கியது. அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2009இல். அப்போது அவருக்கு வயது 84. மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் வானியல் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அன்று ஏந்திய பதாகைகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஓர் ஆசிரியராக என்னை மிகவும் பாதித்தது ரானி சான்லோவின் கதை. தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்ற காரணத்தால், பெற்ற பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கே அவர் போக முடியவில்லை. 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட மாணவர்களுக்காக அவர் ஒரு விழா தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'லாவெண்டர் பட்டமளிப்பு'. வசையாக எறிந்த சொல்லை எடுத்து மாலையாகக் கட்டிவிட்டார். இன்று பல கல்லூரிகளில் அந்த விழா நடக்கிறது.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று அதிகாரிகள், பெற்றோர்கள், சிலர் ஆசிரியர்கள். உங்கள் பொறுப்பில் இருக்கும் யாருக்காவது மற்றவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகராதீர்கள். கேமனியிடம் யாரும் அவருடைய வேலையில் குறை கண்டதில்லை. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் நேரத்தில் அவர் வேலையை மட்டும் பாருங்கள். வீட்டில் பிள்ளை ஏதோ சொல்ல வந்து தயங்கினால், முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்