மணற்குழியில் ஒரு குளிர்காலம்

கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் என்றால் எல்லோரும் 1935 மாஸ்டர்ஸ் ஆட்டத்தைத்தான் பேசுவார்கள். எனக்கோ, போட்டி இல்லாத குளிர்காலத்தில் அவர் பார்த்த வேலைதான் பெரிது. மணற்குழியில் பந்து விழுந்தால் மனிதருக்கு உதறல். விமானம் மேலெழும்போது வால் தாழ்வதைக் கவனித்தவர், மட்டையின் பின்புறமும் அப்படித் தாழ்ந்தால் என்ன என்று யோசித்து, ஃப்ளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில் நிப்ளிக் என்ற சாய்முக இரும்பு மட்டையின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்தார். முன்விளிம்பு மணலில் புதையவில்லை. தடித்த அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைக் கிளப்பியது. அடிப்பது, அராவுவது, மறுபடி அடிப்பது. 1932 பிரிட்டிஷ் ஓப்பனில், அதிகாரிகள் தடுத்துவிடுவார்களோ என்று மட்டையைப் பையில் தலைகீழாகச் செருகி ஒளித்தாராம்! பிரின்சஸ் மைதானத்தில் 283 அடிகளில், 5 அடி வித்தியாசத்தில் வென்றார். என்னிடம் பயிலும் பிள்ளைகளே, தூர அடி அடித்தது போதும், மணலுக்கு வாருங்கள்.