அரிச்சுவடியும் தர்மசங்கடமும்

குழந்தைப் புத்தகம் என்றதும் நம் விமர்சகர்கள் ஒரு புன்சிரிப்போடு விலகிக்கொள்வது வழக்கம். நானும் அப்படி விலகியவன்தான். பாளையங்கோட்டையில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் சென்ற மாதம் அகப்பட்டுக்கொண்ட பிறகே இதுபற்றி யோசிக்க நேர்ந்தது.

கதை கேட்டாள். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை வாய்மொழியாகச் சொன்னேன். மற்றக் குழந்தைகளுக்கு டைரி கொடுத்தவர் சாரங்கனை விட்டுவிடுகிறார். கடைசியில் அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

"எழுதிக் குடுத்தா அது பொய்தான மாமா? குடுக்காட்டா அவன் அழுவானே?" என்றாள்.

பதினைந்து வருஷமாக நான் படித்துவரும் கதை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் தர்மசங்கடம் புரிகிறது. ஆனால் அந்த வயதுக்கென்று நாம் ஆக்கிய புத்தகங்களில் அதற்கு இடம் இருந்ததா?

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சாயிற்று. மறுவருஷம் கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' குருவும் சீடனும் உரையாடுகிற வினாவிடை. கேள்வி இருக்கிறது, ஆனால் பதிலும் அதன் கீழேயே அச்சாகியிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தைக் கீறிய பிள்ளை ஔவையின் ஆத்திசூடியை மனனம் செய்தான். அகர வரிசையில் அமைந்த ஏவல்கள். எழுத்தும் ஏவலும் ஒன்றாக விரல்நுனியில் ஏறின. இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அந்தச் சுருக்கம் பெரிய சாதனை. ஆனால் ஏவலுக்குத் தயக்கம் தெரியாது.

பிறகு படம் வந்தது. அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு. இங்கே படம் எழுத்தை மனசில் அறைகிற ஆணி, அவ்வளவுதான். அணிலுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது.

1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் என்னைப்போல் வங்கி ஊழியரான அழ. வள்ளியப்பா. அவரால் பாட்டு குழந்தையின் நாவுக்கு வந்தது. 1957இல் டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்டை ஆரம்பித்தார். அதே வருஷம் அமெரிக்காவில் டாக்டர் சூஸ், தொப்பி போட்ட பூனை வீட்டைக் கலைத்துப் போடும் கதையை 236 வேறு வேறு சொற்களுக்குள் எழுதி முடித்தார். அம்மா திரும்பி வந்து கேட்கும்போது நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று படிக்கிற பிள்ளையையே கேட்டு நின்றுவிடுகிறது அந்தப் புத்தகம். பதில் கீழே இல்லை.

தொடக்கநிலை வாசகனிடம் சொற்கள் குறைவு, அனுபவம் குறைவல்ல. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது படம். "நான் எடுக்கவில்லை" என்று வாசகம் இருக்க, முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் தம்பியின் மிட்டாயைப் படம் காட்டலாம். இரண்டுக்கும் நடுவே குழந்தை தானாகவே போய் நிற்கிறது. இரண்டு சொல்லில் இந்தக் காரியத்தை உரைநடையால் மட்டும் செய்ய முடியாது.

1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்களால் தமிழில் படப்புத்தகம் ஒரு கலை வடிவமாக நிலைபெற்றது. 2023இல் தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து, சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இவை நம் விமர்சனத்துக்குள் வரவேண்டும் என்பதே என் கட்சி. கேட்கவேண்டியது 'நீதி என்ன?' என்பதல்ல, 'குழந்தை யோசிக்க இடம் விட்டிருக்கிறதா?' என்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரங்கனின் கதையை எட்டுப் பக்கமாக்கிப் பார்த்தேன், பக்கத்துக்கு மூன்று சொல். படம் அவள் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் டைரியையும் பேனா பிடித்த கையையும் வரைந்துவிட்டாள். முனை தாளைத் தொடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.