நடிகர் இல்லாமலும் நடக்கும் பாத்திரம்: தொலைக்காட்சித் தொடர்கள் கார்ட்டூனான வரலாறு

1973இல் அமெரிக்காவின் ஃபிலிமேஷன் நிறுவனம் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைக் கார்ட்டூனாக எடுக்க முனைந்தபோது, முதலில் வகுத்த நடிகர் பட்டியலில் நிச்செல் நிக்கோல்ஸின் பெயரும் ஜார்ஜ் டக்கேயின் பெயரும் இல்லை. அவர்கள் ஏற்று நடித்த உஹுரா, சுலு ஆகிய பாத்திரங்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்குரிய குரலை, ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த மேஜல் பாரெட்டும் ஜேம்ஸ் டூஹனும் தங்கள் பாத்திரங்களோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. நிக்கோல்ஸ் கறுப்பினப் பெண். டக்கே ஜப்பானிய வம்சாவளியினர். அண்டவெளிக் கப்பலில் எல்லா இனத்தவரும் சமமாகப் பணியாற்றும் எதிர்காலத்தைக் காட்டியதே அத்தொடரின் பெருமை. அந்த இருவரின் உருவத்தை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் விலக்கும் திட்டத்தை அறிந்த லெனார்ட் நிமோய், அவர்கள் இல்லையென்றால் ஸ்பாக் பாத்திரத்துக்குத் தானும் குரல் கொடுக்கப்போவதில்லை என்று மறுத்தார். ஸ்பாக் இல்லாமல் ஸ்டார் ட்ரெக் இல்லை. இருவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் பெருமையோடு சொல்லும் துணுக்காகவே இச்செய்தி பெரும்பாலும் வழங்கிவருகிறது. ஊடக வரலாற்றில் அதற்கு இதைவிடப் பெரிய இடம் உண்டு. மனிதர் நேரில் நடித்த தொடரைக் கார்ட்டூனாக்கும்போது நடிகரின் உடல் தேவையற்றுப் போகிறது. முகத்தை ஓவியர் வரைந்துகொள்வார். குரலைப் பிறர் போலச் செய்துகொள்வர். பிறகு நடிகருக்கென எஞ்சுவது என்ன என்பது அழகியல் வினா மட்டுமன்று. கூலி பற்றிய வினாவும் ஆகும்.

காலப் பின்னணியையும் கருத வேண்டும். ஸ்டார் ட்ரெக் 1966 முதல் 1969 வரை என்.பி.சி. அலைவரிசையில் 79 பகுதிகள் ஓடி, போதிய பார்வையாளர் இல்லை என்று நிறுத்தப்பட்டது. அதன் பெரும்புகழ் பிறகு உள்ளூர் நிலையங்களின் மறுஒளிபரப்பில்தான் வளர்ந்தது. ஆனால் அன்றைய ஒப்பந்தங்களின்படி மறுஒளிபரப்புக்கான ஊதியம் சில சுற்றுகளோடு முடிந்துவிடும். நாடெங்கும் நாள்தோறும் முகம் தெரிந்த நடிகர்களுக்கு அதனால் வருமானம் ஏதும் இல்லை. இந்நிலையில் கார்ட்டூன் என்பது அவர்களுக்குக் கிடைத்த புதிய வேலை. அதிலும் ஆட்குறைப்பு என்றால் சினம் எழாதா?

சனிக்கிழமைக் காலை நேரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிறுவர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. தானிய உணவு, பொம்மை விளம்பரங்கள் அதற்குப் பணம் கொடுத்தன. 1968இல் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் சில்ரன்ஸ் டெலிவிஷன்’ என்னும் பெற்றோர் இயக்கமும் அதையொத்த குரல்களும் வன்முறைக் கார்ட்டூன்களைக் கண்டித்தன. சாகச வீரர்கள் பின்வாங்கிய இடத்துக்குப் பெற்றோர் ஏற்கெனவே அறிந்த, அச்சுறுத்தாத பெயர்கள் தேவைப்பட்டன. அப்பெயர்கள் மாலைநேரத் தொடர்களில் ஆயத்தமாகக் கிடந்தன. 1972இல் ‘பிராடி கிட்ஸ்’. 1973இல் ஸ்டார் ட்ரெக்கோடு ‘ஆடம்ஸ் ஃபேமிலி’, ‘ஜீனி’. 1974இல் ‘கில்லிகன்’ என்று வரிசை நீண்டது. ஃபிலிமேஷனும் ஹன்னா-பார்பராவும் இவற்றைப் பங்கிட்டுக்கொண்டன.

இரண்டுமே சிக்கனத்தில் தேர்ந்தவை. உடல் அசையாது, உதடு மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த ஓட்டமும் திரும்பலும் பத்துக் கதைகளில் திரும்ப வரும். திரை ஆய்வாளர்கள் இச்சிக்கனத்தை எள்ளுவது வழக்கம். எனினும் வரைபணியை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டே செய்த நிறுவனம் என்று ஃபிலிமேஷனுக்கு நற்பெயர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஓவியருக்குக் காட்டிய பரிவு நடிகருக்கு எட்டவில்லை.

பிராடி கிட்ஸ் இதற்குத் தக்க சான்று. மூலத் தொடரின் ஆறு சிறுவர்களும் முதலில் தாங்களே குரல் கொடுத்தனர். ஒப்பந்தத் தகராறில் மூத்தவர்கள் மூவர் விலகினர். அவர்களுக்குப் பதிலாகப் பேசியவர்களில் நிறுவனத் தலைவர் லூ ஷைமரின் மகனும் மகளும் இருந்தனர். திரையில் முகங்கள் மாறவில்லை. பார்த்த குழந்தைகளில் எத்தனை பேர் வேறுபாட்டை உணர்ந்திருப்பர்? கில்லிகனில் டீனா லூயிஸும் டான் வெல்ஸும் பங்கேற்கவில்லை. அவர்களின் இரு பாத்திரங்களுக்கும் ஜேன் வெப் என்ற ஒரே கலைஞர் குரல் கொடுத்தார். செம்பட்டை முடி கொண்ட ஜிஞ்சர் கார்ட்டூனில் வெளிர்பொன் கூந்தலோடு தோன்றினாள். ‘ஜீனி’யிலோ பொன்னிறக் கூந்தல் சிவந்தது. நடிகையின் சாயலிலிருந்து சட்டத்துக்குப் போதுமான அளவு விலகி நிற்கும் உத்தி என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

இதன் மறுதலையும் நிகழ்ந்தது. ‘ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்’ தொடரின் நாயகர் இருவரும், தங்கள் உருவம் பதித்த விற்பனைப் பொருள்களின் வருவாயில் உரிய பங்கு வரவில்லை என்று வெளியேறினர். தயாரிப்பாளர்கள் புதிய ஒன்றுவிட்ட சகோதரர் இருவரைக் கதைக்குள் கொண்டுவந்தனர். 1983இல் ஹன்னா-பார்பரா எடுத்த கார்ட்டூனும் அப்புதியவர்களோடே தொடங்கியது. தகராறு தீர்ந்து பழைய நாயகர் திரும்பியதும், கார்ட்டூனிலும் புதியவர்கள் மறைந்து பழையவர்கள் தோன்றினர். கூலிப் பேச்சுவார்த்தையின் போக்கைக் கோட்டோவியம் இத்தனை பணிவாகப் பின்தொடர்ந்த வேறோர் எடுத்துக்காட்டு அரிது.

ஸ்டார் ட்ரெக்கிலும் நிமோயின் வெற்றி முழுமையானதன்று. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக்குக்குப் பணம் போதவில்லை என்று இடம் மறுக்கப்பட்டது. அவர் ஒரு பகுதிக்குக் கதை மட்டும் எழுதினார். அவரது இருக்கையில் மூன்று கையும் மூன்று காலும் உடைய ஆரெக்ஸ் அமர்ந்தான். அவனுக்குக் குரல் டூஹனுடையதே! மனித நடிகருக்குப் பணமில்லை. மூன்று கைகளை வரைய மையிருந்தது.

ஆயினும் கார்ட்டூன் வடிவம் பறித்ததோடு கொடுக்கவும் செய்தது. ‘லோரலை சிக்னல்’ என்ற பகுதியில் ஆண்கள் செயலிழக்க, கப்பலின் தலைமையை உஹுரா ஏற்கிறாள். நேரில் நடித்த 79 பகுதிகளில் ஒன்றில்கூட அவளுக்கு அந்த இருக்கை கிடைத்ததில்லை. வேலையே மறுக்கப்படவிருந்த நடிகையின் குரலில் அந்த ஆணைகள் ஒலிக்கின்றன என்பதை அறிந்து பார்க்கும்போது அக்காட்சியின் கனம் மாறுகிறது. டி.சி. ஃபோன்டானா எழுதிய ‘யெஸ்டர்இயர்’ சிறுவன் ஸ்பாக்கின் கதை. அதில் அவன் வளர்த்த விலங்கு இறக்கிறது. சிறுவர் நேரத்தில் செல்லப்பிராணியின் மரணமா என்று அலைவரிசை தயங்கியது, படைப்பாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 22 பகுதிகளோடு 1974இல் முடிந்த இத்தொடருக்கு 1975இல் சிறுவர் தொடருக்கான டேடைம் எம்மி விருது கிடைத்தது.

சாயல் யாருக்குச் சொந்தம் என்ற வினா நீதிமன்றத்தை எட்டியது கார்ட்டூன் வழியாக அன்று, பொம்மை வழியாக. ‘சியர்ஸ்’ தொடரின் உரிமையாளரான பாரமவுண்ட்டிடம் அனுமதி பெற்று, விமான நிலைய மதுக்கூடங்களில் அத்தொடரின் இரு பாத்திரங்களை ஒத்த இயந்திர பொம்மைகள் நிறுத்தப்பட்டன. நடிகர் இருவர் வழக்குத் தொடுத்தனர். பாத்திரம் நிறுவனத்துக்குரியதாயினும், நடிகர் தம் சாயல் மீதான உரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதி, வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2001இல் அது சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் இவ்வழக்கம் காலந்தாழ்ந்து வந்தது. இங்கே சிறுவர் அலைவரிசைகள் முதலில் நாடியது திரைப்படப் பாத்திரங்களையும் படக்கதைகளையும்தான். தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தவற்றில் குறிப்பிடத்தக்கது, 2021 ஏப்ரலில் சோனி யாய் அலைவரிசையில் தொடங்கிய ‘தாரக் மேத்தா கா சோட்டா சஷ்மா’. இதன் வேர் குஜராத்தி இதழான ‘சித்ரலேகா’வில் தாரக் மேத்தா எழுதிவந்த நகைச்சுவைப் பத்தி. 2008இல் அது இந்தித் தொடராகி, கோகுல்தாம் குடியிருப்பை வீடுதோறும் அறிமுகமாக்கியது.

கார்ட்டூன் வந்தபோது மூலத் தொடர் பதின்மூன்று ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. தப்பூவாக நடித்த சிறுவர் வளர்ந்து 2017இல் விலகியிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவரும் இளைஞராகிவிட்டார். தயாவாக நடித்த திஷா வகானி 2017இல் மகப்பேற்று விடுப்பில் சென்றவர் திரும்பவில்லை. மூலத் தொடரில் தயாவின் இடம் அப்போதும் காலியாகவே இருந்தது. கார்ட்டூனில் தப்பூ மீண்டும் குறும்புச் சிறுவன். தயா அதே புடவைக்கட்டோடு, வேறொருவர் குரலில், கோகுல்தாமில் ஆடிக்கொண்டிருந்தாள்.